அஞ்சலில் வரும் அமானிதம்

சென்ற ஷவ்வால் மாதத்தில், விடுமுறை கழிந்து மதரஸா திறந்த மறுவாரம், என்னிடம் ஓதிப் பட்டம் பெற்றுச் சென்ற ஆலிம் ஒருவர் என்னைக் காண வந்தார். நல்ல அறிவும் இனிய எழுத்தும் வாய்க்கப் பெற்றவர். சிறிது நேரம் பேசியிருந்த பின் தம் உள்ளத்தில் இருந்ததை வெளியிட்டார்.

“ஹஜ்ரத், ஒரு பணி தொடங்கலாம் என்றிருக்கிறேன். வாழ்க்கையில் வழி தெரியாமல் நிற்பவர்கள் தங்கள் நிலையை எனக்கு எழுத வேண்டும். நான் அவர்களுக்கு வாரந்தோறும் எழுத்து மூலம் வழி சொல்வேன். மாதத்திற்கு இவ்வளவு என்று ஒரு தொகை பெற்றுக் கொள்வேன். இது கூடுமா?”

கூடும், கூடாது என்று ஃபிக்ஹுச் சட்டப்படி மட்டும் விடை கூறுவதாயின் அரை நாழிகை போதும். ஆனால் சட்டம் அனுமதித்த ஒன்றை ஒருவன் எவ்வாறு செய்ய வேண்டும் என்பது வேறு கேள்வி. அதற்கு விடை கூற ஒரு வாரத் தவணை கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் நான் சிந்தித்தவற்றையே இங்கே எழுதுகிறேன். இக்காலத்தில் இப்பணியை மேற்கொள்வோர் பலர். அஞ்சல் உறையின் இடத்தை மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் பிடித்துக் கொண்டன, அவ்வளவுதான் வேற்றுமை. முகம் காணாத ஒருவருக்கு எழுத்தால் வழி காட்டலாமா, காட்டுவதாயின் அதன் எல்லை யாது என்னும் கேள்வி அப்படியே இருக்கிறது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இது நம்மிடையே புதிதாய்த் தோன்றிய பழக்கம் அன்று. நம் முன்னோர்களில் மிகப் பெரியவர்கள் இதனைச் செய்திருக்கிறார்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களிடம் நெடுநாள் இருந்து கல்வி கற்ற மாணவர் ஒருவர், கற்ற கல்வியில் எது மறுமையில் தமக்குப் பயன்படும் என்ற ஐயத்தில் ஆழ்ந்து, அவர்களுக்கு மடல் எழுதினார். தங்கள் நூல்களில் விடை இருக்கலாம். ஆயினும் என் வாழ்நாள் முழுதும் உடன் வைத்துக்கொள்ளச் சில தாள்களில் எழுதித் தாருங்கள் என்று வேண்டினார். அதற்கு இமாமவர்கள் எழுதிய விடைதான் ‘அய்யுஹல் வலத்’ என்னும் சிறு நூல். 1111இல் மறைந்த அப்பெருமகனாரின் மடலை இன்றும் மதரஸாக்களில் ஓதிக் கொடுக்கிறோம்.

பீகாரில் வாழ்ந்து 1381இல் மறைந்த ஷெய்கு ஷரஃபுத்தீன் யஹ்யா மனேரி (ரஹ்) அவர்களின் வரலாறு நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. சௌஸா என்னும் ஊரில் அரசுப் பொறுப்பில் இருந்த காஜி ஷம்ஸுத்தீன் என்பவருக்கு ஷெய்கவர்களின் அவைக்கு வந்து அமர வசதியில்லை. பணி அவரைக் கட்டிப் போட்டிருந்தது. தமக்கு எழுத்து மூலம் வழி காட்டுமாறு அவர் மீண்டும் மீண்டும் வேண்டவே, ஹிஜ்ரீ 747இல், அதாவது 1346-47இல், ஷெய்கவர்கள் அவருக்கு வரிசையாக மடல்கள் எழுதினார்கள். அவையே ‘நூறு மடல்கள்’ என்று பெயர் பெற்ற தொகுப்பு. ஸிர்ஹிந்து நகர் ஷெய்கு அஹ்மத் (ரஹ்) அவர்கள் (1564-1624) பல்வேறு மனிதர்களுக்கு எழுதிய மடல்கள் 536 மூன்று பாகங்களாக நின்று நிலவுகின்றன. அண்மைக் காலத்தில், 1943இல் மறைந்த மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்கள், தானா பவன் என்னும் சிற்றூரில் இருந்தவாறே எண்ணற்றோரின் மடல்களுக்கு விடை எழுதி அவர்களைப் பண்படுத்தினார்கள். எழுதியவரின் மடலிலேயே, அந்தந்த வரிக்குப் பக்கத்தில் விடையைக் குறித்து அனுப்புவது அவர்களின் வழக்கம்.

ஆகவே எழுத்தால் வழி காட்டலாமா என்ற கேள்விக்கு வரலாறே விடை தந்துவிட்டது. அதில் சில நன்மைகளும் உண்டு. அவைக்கு வர இயலாத பெண்மணி, கடல் கடந்து பிழைப்போர், முகம் பார்த்துச் சொல்ல நாணுகிறவர் ஆகியோருக்கு எழுத்து ஒன்றே திறந்த கதவு. மேலும், மனத்தில் புகைமூட்டமாய்க் கிடந்த துன்பத்தை வரிசைப்படுத்தித் தாளில் எழுத உட்காரும்போதே பாதித் தெளிவு பிறந்துவிடுகிறது. மடலை எழுதி முடித்ததும் அதனை அனுப்பத் தேவையின்றிப் போனவர்களை நான் அறிவேன்.

ஆயினும் அப்பெரியார்களே இதன் எல்லையையும் சுட்டிக் காட்டாமல் விடவில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் அதே சிறு நூலில், நீ கேட்டவற்றுள் சில எழுத்தாலும் சொல்லாலும் விடை கூற முடியாதவை, அந்நிலையை நீ அடைந்தால் நீயே அறிவாய் என்னும் கருத்துப்பட எழுதுகிறார்கள். தம்மை நாடி வந்த மாணவரிடம், இது என் மடலில் அடங்காது என்று கூறும் துணிவு அவர்களிடம் இருந்தது. ‘இஹ்யா’வில் வேறோர் இடத்தில், எல்லா நோயாளிக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கும் மருத்துவன் அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றுவிடுவான், அவ்வாறே எல்லா முரீதுகளுக்கும் ஒரே பயிற்சியை விதிக்கும் ஷெய்கு அவர்களின் உள்ளங்களைச் சாகடித்துவிடுவார் என்று எச்சரிக்கிறார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்துகொள்ள வேண்டும். 1840இல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்கு மடல் அனுப்பும் முறை தோன்றிய காலத்தில், ஐசக் பிட்மன் என்பவர் தாம் வகுத்த சுருக்கெழுத்தை அஞ்சல் வழியே கற்பித்தார். மாணவர்கள் எழுதி அனுப்புவார்கள்; அவர் திருத்தி அனுப்புவார். இன்றைய அஞ்சல்வழிக் கல்வியின் முன்னோடிகளுள் ஒருவராக அவரைக் கூறுவர். நம் நாட்டில் 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. இவை வெற்றி பெற்றதன் காரணம் எளிது. சுருக்கெழுத்து மாணவனின் பிழை முழுவதும் அவன் அனுப்பிய தாளிலேயே இருக்கிறது. வெண்பா எழுதி அனுப்புகிறவனின் தளை தட்டுவதும் தாளிலேயே இருக்கிறது. அரபு இலக்கணத்தில் இஃராபு பிழைத்தாலும் அப்படித்தான். திருத்துகிறவர் அந்தத் தாளைத் தவிர வேறெதனையும் காண வேண்டியதில்லை.

ஆனால் வேலையை விடலாமா, மனைவியைப் பிரியலாமா, தந்தையுடன் உறவை முறிக்கலாமா என்று எழுதுகிறவனின் சிக்கல் தாளில் இல்லை. அது அவன் வீட்டில் இருக்கிறது. தாளுக்கு வந்து சேர்வது, அவன் பார்த்த பார்வையில், அவன் தேர்ந்தெடுத்த சொற்களில், அச்சிக்கலின் ஒரு பகுதி. அவன் பொய்யன் என்று கூறவில்லை. உண்மையையே எழுதும் ஒருவனும் தனக்குப் பெரிதாகத் தோன்றுவதை மட்டுமே எழுதுகிறான். ஆக, மடலில் வருகிறவர் பாதி மனிதர். மீதிப் பாதி அவர் ஊரிலேயே தங்கிவிடுகிறது.

இதனை நான் நூல்களிலிருந்து மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. சொல்ல நாணமாக இருப்பினும் சொல்லியாக வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன், வளைகுடா நாடொன்றில் வேலை பார்த்து வந்த என் பழைய மாணவர் ஒருவர் எனக்கு ஒரு மடல் எழுதினார். ஊரில் தாயார் நோயுற்றிருக்கிறார், பக்கத்தில் இருந்து பார்க்க ஆளில்லை, நான் இங்கே பொருள் தேடிக் கொண்டிருப்பது முறையா என்று கேட்டிருந்தார். எனக்கு உள்ளம் உருகிவிட்டது. அன்றிரவே இஷாவுக்குப் பின் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். போர்க்களம் செல்ல அனுமதி கேட்டு வந்தவரைப் பெற்றோருக்குப் பணிவிடை செய்யும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பிய ஹதீஸை எடுத்துக் காட்டி, உடனே புறப்பட்டு வாருங்கள் என்று முடித்தேன். நடை நன்றாக அமைந்துவிட்டதாக எனக்கே ஒரு நிறைவு. அவர் வந்துவிட்டார்.

அவர் எழுதாதவையும் நான் கேட்காதவையும் பின்னரே தெரிய வந்தன. தங்கையின் திருமணத்திற்காக வீட்டை அடகு வைத்து வாங்கிய கடன் இருந்தது. அவருடைய சம்பளம் ஒன்றே அதற்கு ஆதாரம். ஓராண்டு முடிவதற்குள் வீடு கைமாறிப் போயிற்று. வாடகை வீட்டில் படுத்திருந்த அந்தத் தாயாரை நலம் விசாரிக்கச் சென்றேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “ஹஜ்ரத், கடன் அடையட்டும், அதுவரைக்கும் அங்கேயே இரு வாப்பான்னு நான்தானே அவனுக்குச் சொல்லியிருந்தேன். நீங்க வரச் சொன்னதாச் சொன்னானே?” என்று மட்டும் கேட்டார்.

தாயாருக்குப் பணிவிடை செய் என்று மகனுக்கு மூன்று பக்கம் எழுதிய நான், அந்தத் தாயாரின் விருப்பம் என்ன என்று ஒரு வரி கேட்கவில்லை.

வீட்டிற்கு வந்து அந்த ஹதீஸை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். எத்தனையோ முறை ஓதிக் கொடுத்த ஹதீஸ்தான். அதில் அண்ணலார் அவர்கள் அந்த மனிதருக்கு உடனே விடை கூறிவிடவில்லை. உம் பெற்றோர் உயிருடன் இருக்கிறார்களா என்று முதலில் ஒரு கேள்வி கேட்கிறார்கள். அவர் ஆம் என்ற பிறகுதான் விடை வருகிறது. நான் அந்த விடையைக் கடல் கடந்து அனுப்பிவிட்டேன். அதற்கு முன்னிருந்த கேள்வியை அனுப்ப மறந்துவிட்டேன்.

அதன் பின்னர்தான் இது எத்தனை இடங்களில் வற்புறுத்தப்பட்டிருக்கிறது என்பது என் கண்ணுக்குத் தெரியலாயிற்று. செயல்களில் சிறந்தது எது என்ற ஒரே கேள்விக்கு அண்ணலார் வெவ்வேறு விடைகள் கூறியிருக்கிறார்கள். ஒருவருக்கு உரிய நேரத்தில் தொழுவது. மற்றொருவருக்கு இறைவன் மீதும் அவன் தூதர் மீதும் கொள்ளும் ஈமான். இஸ்லாத்தில் சிறந்தது எது என்று கேட்ட இன்னொருவருக்கோ, பசித்தவருக்கு உணவளிப்பதும் அறிந்தவர் அறியாதவர் அனைவருக்கும் ஸலாம் சொல்வதும். கேட்டவரின் நிலைக்கு ஏற்ப விடை மாறியது என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். கேட்டவரின் முகமும் நிலையும் அங்கே தெரிந்தன. மடல் எழுதுகிறவனுக்கு அவை தெரிவதில்லை. ஆகவே அவன் கண்ணால் காண முடியாததைக் கேள்வியால் காண வேண்டியவனாகிறான்.

திருமறையின் ஸாத் அத்தியாயத்தில் தாவூத் நபி (அலை) அவர்களிடம் வழக்காளிகள் இருவர் சுவரேறி வந்த வரலாறு கூறப்படுகிறது. தொண்ணூற்றொன்பது ஆடுகள் உடையவன் என் ஒரே ஆட்டையும் கேட்கிறான் என்று ஒருவர் முறையிடுகிறார். கேட்டமாத்திரத்தில் அது அநீதி என்று அவர்கள் கூறிவிடுகிறார்கள். உடனே தாம் சோதிக்கப்பட்டதை உணர்ந்து பாவமன்னிப்புக் கோரிச் சிரம் பணிகிறார்கள். மற்றவரின் சொல்லைக் கேளாமல் கூறியதே அச்சோதனை என்று விரிவுரையாளர்களில் ஒரு சாரார் கருதுவர். ஒரு நபிக்கே இந்த எச்சரிக்கை என்றால், ஒரு தரப்பின் மடலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு விடை எழுதும் நாம் எம்மாத்திரம்?

அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சி என்னை நெடுநாள் உறங்கவிடவில்லை. பயணம் ஒன்றில் ஒருவருக்குக் கல்லடி பட்டுத் தலை உடைந்தது. அவர் மீது குளிப்பும் கடமையாகியது. தயம்மும் செய்துகொள்ள எனக்குச் சலுகை உண்டா என்று உடனிருந்தோரிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்றார்கள். அவர் குளித்தார், மாண்டார். செய்தி எட்டியபோது அண்ணலார், அவரைக் கொன்றவர்கள் அவர்களே என்று கடிந்து, அறியாமைக்கு மருந்து கேட்பதல்லவா என்று வினவினார்கள். இங்கே கேட்பது என்பது அறிந்தோரிடம் கேட்பதையே குறிக்கும். எனினும் எனக்கு அதில் இன்னொரு பாடமும் உண்டு. தண்ணீர் இருந்தால் குளிக்க வேண்டும் என்ற பொது விதியை அவர்கள் அறிந்திருந்தார்கள். எதிரே நின்றவரின் தலையில் இருந்த காயத்தைத்தான் கணக்கில் எடுக்கவில்லை. என் மூன்று பக்கத்திலும் பொது விதி பிழையின்றி இருந்தது.

இதற்கு ஒரு மறுப்புக் கூறப்படலாம். கேட்டவர் வயது வந்தவர், முடிவெடுத்தவர் அவரே, மறைத்தவரும் அவரே, விடை எழுதியவர் மீது குற்றம் என்ன? மேலும், முழுதும் அறிந்த பிறகே வாய் திறப்பது என்றால் உலகில் யாரும் யாருக்கும் நஸீஹத் செய்ய முடியாதே? இம்மறுப்பில் உண்மை இல்லாமல் இல்லை. மருத்துவரும் நீதிபதியும் முழுதும் அறிந்தா செயல்படுகிறார்கள்? இல்லை. ஆனால் தாம் அறியாதது எவ்வளவு என்பதை அளந்துகொண்டு, அந்த அளவுக்குத் தம் சொல்லைக் குறைத்துக்கொள்கிறார்கள். ஆலோசனை கேட்கப்பட்டவர் அமானிதம் ஒப்படைக்கப்பட்டவர் என்பது நபிமொழியின் கருத்து. பிறர் பொருளை வாங்கி வைத்துக்கொள்பவன் அது என்ன பொருள் என்று கூடப் பிரித்துப் பாராமல் வைத்துக்கொண்டால், அது கெடும்போது தந்தவன் சொல்லவில்லையே என்று கூறித் தப்ப முடியுமா?

இனி ஊதியத்தைப் பற்றி. ‘இஹ்யா’வில் ஆசிரியரின் கடமைகளைக் கூறும்போது, மாணவரைத் தம் மக்களாகக் கருதுவது முதற்கடமை என்றும், கற்பித்தலுக்குக் கூலி தேடாமை அதற்கடுத்தது என்றும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) கூறுகிறார்கள். அது உயர்ந்த படித்தரம். சட்டமோ மனிதரின் தேவையையும் பார்க்கிறது. குர்ஆன் ஓதிக் கொடுக்க ஊதியம் பெறுவதை ஷாஃபிஈ மத்ஹபு அனுமதிக்கிறது. முற்கால ஹனஃபீ அறிஞர்கள் மறுத்ததைப் பிற்கால ஹனஃபீ அறிஞர்கள் தேவையை முன்னிட்டு அனுமதித்தார்கள். நானும் மதரஸாவில் சம்பளம் பெறுபவன்தான். ஆகவே ஊதியம் பெறுவதே இழிவு என்று கூற எனக்கு உரிமையில்லை.

ஆனால் கூலி ஒப்பந்தத்தில் வேலையும் கூலியும் தெளிவாக இருக்க வேண்டும் என்பது ஃபிக்ஹு. மாதத்திற்கு இத்தனை மடல், இத்தனை நாளில் விடை, இவ்வளவு தொகை என்பது தெளிவு. உங்கள் வாழ்வை மாற்றிக் காட்டுகிறேன் என்பது விற்பவர் கையில் இல்லாத சரக்கு. உள்ளங்களைப் புரட்டுகிறவன் அல்லாஹ் ஒருவனே. மேலும், மாதந்தோறும் வரும் கட்டணத்தில் ஒரு நுண்ணிய தீங்கு ஒளிந்திருக்கிறது. எழுதுகிறவர் குணமடைந்துவிட்டால் வருமானம் நின்றுவிடும். எந்த மனிதனும் வேண்டுமென்று பிறர் நோயை நீட்டிக்க மாட்டான். ஆனால் நஃப்ஸு அவனுக்குத் தெரியாமலே அதைச் செய்யும். ஆகவே ஆறு மாதமோ ஓராண்டோ, முடிவு நாளை முதலிலேயே குறித்துவிடுவது இருவரையும் காக்கும்.

வழிகாட்டலின் நோக்கமே வழிகாட்டி தேவையற்றுப் போவதுதான். ஒருவன் தன் குறையை அறிய நான்கு வழிகளை ‘இஹ்யா’ கூறுகிறது. உட்பார்வையுள்ள ஷெய்கின் முன் அமர்வது, உண்மை பேசும் நண்பனை அமர்த்திக்கொள்வது, பகைவரின் வாய்ச்சொல்லிலிருந்து கற்பது, மக்களுடன் கலந்து பழகிப் பிறரிடம் காணும் குறையைத் தன்னிடம் தேடுவது. இந்நான்கும் அருகில் இருப்போரைக் கொண்டே நடப்பவை. தொலைவில் இருந்து எழுதுகிறவர் செய்யக்கூடிய பேருதவி, அந்த அருகாமையின் பக்கம் அவரைத் திருப்பி அனுப்புவதே. உங்கள் ஊரில் உங்களை அறிந்த நல்லவர் யார், இதை அவரிடம் சொன்னீர்களா என்று கேட்பதைவிடச் சிறந்த விடை பல மடல்களுக்கு இல்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ அடி உதையோ மனநோயோ மடலில் தென்பட்டால், எழுதிக்கொண்டிருக்கும் நேரமே அது அன்று. மருத்துவரிடமும் உறவினரிடமும் அவரைச் சேர்ப்பிக்க வழி தேட வேண்டும்.

இறுதியாக, வாய்ச்சொல் காற்றில் போகும், எழுத்து நிற்கும். மனேரி (ரஹ்) அவர்கள் தம் முதன்மைச் சீடர் முஸஃப்ஃபர் பல்கி அவர்களுக்கு எழுதிய அந்தரங்க மடல்கள் ஏராளம். அவற்றைத் தம்முடன் அடக்கம் செய்துவிடுமாறு அச்சீடர் கூறிச் சென்றார் என்பர். தப்பி எஞ்சிய 28 மட்டுமே இன்று தொகுப்பாகக் கிடைக்கின்றன. பிறர் இரகசியத்தின் கனத்தை அவர்கள் அறிந்திருந்தார்கள். இன்று விரல் நுனி பட்டால் ஒருவரின் அந்தரங்கம் ஆயிரம் பேரைச் சென்றடைகிறது. தம்மிடம் வந்த மடல்களை விளம்பரத்திற்காகக் காட்டுகிறவர், பெயரை மறைத்துக் காட்டினாலும், வாங்கிய அமானிதத்தைக் கடைத்தெருவில் பரப்பியவராகவே ஆவார்.

குறித்த நாளில் அந்த இளைஞர் வந்தார். விடையை எதிர்பார்த்து அமர்ந்தவரிடம், “தம்பி, உமக்கு வரும் முதல் மடலுக்கு நீர் என்ன எழுதுவீர்?” என்று கேட்டேன். சிறிது சிந்தித்து, “முதலில் ஆறுதல் கூறுவேன், பிறகு ஆயத்தும் ஹதீஸும் காட்டி வழி சொல்வேன்” என்றார்.

நான் அவரிடம் என் மூன்று பக்க மடலின் கதையைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் முதல் மடலில் விடையே எழுதக் கூடாது. கேள்விகளை மட்டும் எழுத வேண்டும்” என்றார்.

“தொடங்கும்” என்றேன்.

அறியாததை அறியேன் என்று எழுதும் துணிவை வல்ல அல்லாஹ் அவருக்கும் நமக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.